தலைப்புக்குப் பின்பக்கம்

புதுப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் படிப்பது தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைத்தான். முதற்பதிப்பு எந்த ஆண்டு, உரிமை யாருக்கு, அச்சிட்டவர் யார், விற்பவர் யார், விலை என்ன என்று பொடி எழுத்தில் இருக்கும் பக்கம். பெரும்பாலானவர்கள் அதைப் புரட்டிவிட்டு முன்னுரைக்குப் போய்விடுவார்கள். எழுத வேண்டும், புத்தகம் போட வேண்டும் என்று என்னிடம் வரும் பிள்ளைகளை நான் அந்தப் பக்கத்தில்தான் நிறுத்துகிறேன். ஒரு புத்தகம் யாருடையது என்பது அட்டையில் தெரியாது, அங்கேதான் தெரியும்.

பள்ளியில் படிக்கும்போது ஒடுகத்தூர் நூலகத்திலிருந்து மு.வ.வின் நாவல் ஒன்றை எடுத்து வந்தேன். பின்பக்கத்தில் ‘தாயக வெளியீடு’ என்றும் அதற்குக் கீழே ‘விற்பனை உரிமை: பாரி நிலையம்’ என்றும் போட்டிருந்தது. ஒரே புத்தகத்துக்கு எதற்கு இரண்டு பேர்? தமிழ் ஐயாவிடம் கேட்டேன். “வெளியிட்டவர் அவரேதாண்டா. விக்கிற வேலைய மட்டும் பாரி நிலையத்துக்குக் கொடுத்திருக்காரு” என்றார். எழுதியவரே வெளியிடலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதுவும் எழுதியவர் எங்கள் ஜில்லாக்காரர். அப்போது இது வட ஆற்காடு மாவட்டம். வாலாசாப்பேட்டைக்குப் பக்கத்து வேலம் அவர் பூர்விகம். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, உடம்பு கெட்டு வேலையை விட்டு, தானாகப் படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தவர். அதற்குத் திருப்பனந்தாள் மடம் ஆயிரம் ரூபாய் பரிசு கொடுத்தது. பின்னால் ‘அகல் விளக்கு’க்காக 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார், மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். அவர் பெருமைகளில் இவையெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தம் நூல்களைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, விற்பனையை மட்டும் அந்தத் தொழில் தெரிந்த கடையிடம் விட்ட சாமர்த்தியத்தை யாரும் பேசுவதில்லை. எனக்கு அது அவருடைய நாவல்களுக்குச் சமமான பாடமாகப் பட்டது, இன்றும் படுகிறது.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலை இறங்கி நிற்கிற அடிவாரம். உத்திரகாவேரி ஆறு பக்கத்தில் ஓடுகிறது, மழைக்காலத்தில் மட்டும். பீஞ்சமந்தைப் பக்கத்து மலைக்காரர்கள் புளியும் சாமையும் கொண்டுவந்து இறக்கும் ஊர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடும். நைனா அந்தச் சந்தையில் தரகர். வாங்குபவர் கையையும் விற்பவர் கையையும் துண்டுக்குள் மறைத்து விரலைப் பிடித்து விலை பேசுவார். வாயால் ஒரு எண்ணும் வெளியே வராது. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, பேசிய விலையிலிருந்து யாரும் பின்வாங்கியதும் கிடையாது. ஆட்டின் கறி ஒரு பக்கம் போகும், தோல் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் வாணியம்பாடிக்கும் போகும். அந்தத் தோல்ஷாப்புகளின் கூலியில்தான் சுற்றுப்பட்ட ஊர்களில் பாதிக் குடும்பம் சாப்பிட்டது.

1980களின் தொடக்கத்தில் நானும் மாதனூர் வழியாக ஆம்பூருக்குப் பேருந்து ஏறினேன், தோல்ஷாப்புக்கு அல்ல, ஓர் அச்சகத்துக்கு. புரூஃப் திருத்துபவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் படியை உரக்கப் படிக்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, தோல் கம்பெனி ரசீதுப் புத்தகம், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு. உருதுப் புத்தகம் வந்தால் எங்களுக்கு வேலை இல்லை. அதை அச்சுக்கோப்பதில்லை, காதிப் என்கிற எழுத்தர் பக்கம் பக்கமாகக் கையால் எழுதித் தருவார். அவர் எழுதுவதை நின்று பார்ப்பதற்காகவே நான் மதியச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிப்பேன்.

எங்கள் கம்பாசிட்டர் அண்ணனிடம் கற்றுக்கொண்டது நிறைய. 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ணை, லை, னை, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்களுக்கான ஈய எழுத்துகள் கேஸின் ஓர் அறையில் குவிந்து கிடந்தன. “இதுங்களத் தேடியே என் கண்ணு போச்சு தம்பி” என்பார். பெரியார் 1930களிலேயே குடிஅரசில் புழங்கிய எழுத்து, அரசாணையாகி அண்ணனின் விரலுக்கு வந்துசேர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது.

அவர் சொல்லிக் கொடுத்ததில் இன்றுவரை உதவுவது ஃபாரம் கணக்கு. பெரிய தாளில் ஒரு முறைக்குப் பதினாறு பக்கம். அதற்குப் பெயர் ஃபாரம். தாள், அச்சு, மடிப்பு, தையல் எல்லாக் கூலியும் ஃபாரத்தின் மேல்தான். 144 பக்கம் என்றால் ஒன்பது ஃபாரம், 160 என்றால் பத்து. 147 பக்கத்தில் புத்தகம் முடிகிறது என்று ஒருவர் வந்தால் அண்ணன் தலையைச் சொறிவார். மூன்று பக்கத்துக்காகப் புது ஃபாரம் ஏற்றினால் மீதிப் பக்கங்கள் வெள்ளையாகத்தான் நிற்கும், இல்லாவிட்டால் அரை ஃபாரம், கால் ஃபாரம் என்று பிய்க்க வேண்டும். அந்தக் கவிஞரே உட்கார்ந்து மூன்று பக்கத்தை வெட்டிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். வெட்டியதில் புத்தகம் கெடவில்லை, இறுகிற்று. இன்றைக்கு முப்பது படி, ஐம்பது படி என்று தேவைக்கேற்ப டிஜிட்டலில் அடித்துக்கொள்ளலாம், ஆயிரத்து இருநூறு படி போட்டே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயம் போய்விட்டது. ஆனாலும் எழுதி முடித்ததும் பக்கத்தைப் பதினாறால் வகுத்துப் பார் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறேன். எங்கே சதை கூடியிருக்கிறது என்று அந்த வகுத்தல் காட்டிவிடும்.

அச்சகத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் பைண்டிங். அதைப் பார்த்தவர் ஒரு வயதான பாய். மைதாப் பசை காய்ச்சும்போது அதில் மயில்துத்தம் சேர்ப்பார், பூச்சி அரிக்காமலிருக்க. பசைப்பானை நீலமாக மின்னும். ஃபாரங்களை ஒவ்வொன்றாக நடுவில் தைத்து, முதுகில் துணி ஒட்டி, காலிகோ அட்டை போடுவார். சுற்றிலும் இவ்வளவு தோல் இருக்கிற ஊரில் ஏன் ஒரு புத்தகம்கூடத் தோலில் கட்டுவதில்லை என்று கேட்டேன். “தோலு செருப்புக்குத் தம்பி. கிதாபுக்குத் துணி போதும். நம்ம தோலு அலமாரியில நிக்காது” என்றார்.

பல வருஷம் கழித்து, டக்ளஸ் காக்கரெல் என்ற ஆங்கிலேயர் 1901இல் புத்தகக்கட்டு பற்றி எழுதிய நூலைப் படித்தபோது பாய் சொன்னது அதில் அச்சாகியிருந்தது. இங்கிலாந்து நூலகங்களில் தோல் கட்டிய புத்தகங்கள் பொடிப்பொடியாக உதிர்வதைக் கண்டு லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அந்தச் சமயத்தில் ஒரு குழு வைத்து ஆராய்ந்தது. மட்டரகக் கட்டுக்கு அங்கே நிறையப் பயன்பட்டது இந்தியாவிலிருந்து போன ஆட்டுத்தோலும் செம்மறித்தோலும், அதாவது நம் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல். அதில் கட்டிய நூல்கள் ஓராண்டுக்குள்ளேயே சிதைவு காட்டுகின்றன, வெயிலும் விளக்குப் புகையும் படுகிற அலமாரியில் ஐந்தாறு ஆண்டு தாண்டாது என்று அந்தக் குழு எழுதியிருக்கிறது. சுமாக் என்ற செடியின் இலையில் பதனிட்ட தோல்தான் நிற்கும் என்றது. ஆவாரையில் இருக்கும் துவர்ப்பு ஒரு வகை, சுமாக்கில் இருப்பது இன்னொரு வகை. முதல் வகை வெளிச்சத்திலும் கந்தகப் புகையிலும் சிவந்து நொறுங்கும்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் சந்தைக்கு வந்தவை போன்ற ஆடுகளின் தோல் கடல் கடந்து போய், யாரோ ஒரு சீமைக் கவிஞனின் தொகுப்புக்கு அட்டையாகி, அவன் சொற்களுக்கு முன்னால் உதிர்ந்திருக்கிறது. செருப்புக்கு உழைக்கிற தோல் புத்தகத்துக்கு உழைக்காது என்பதைக் குழு எதுவும் வைக்காமல் பாய் கைப்பழக்கத்தில் தெரிந்து வைத்திருந்தார். முதல் புத்தகம் போடுகிறவர்கள் அட்டைப் படத்துக்கு ஒரு மாதம் யோசிக்கிறார்கள், முதுகு எப்படிக் கட்டப்படுகிறது என்று ஒரு நிமிஷம் கேட்பதில்லை. இப்போது பெரும்பாலும் பக்கங்களை வெட்டி முதுகில் பசை மட்டும் போட்டு ஒட்டுகிறார்கள். பசை மட்டமாக இருந்தால் மூன்றாவது வாசகர் கையில் பக்கம் கழன்று வரும். நூலகத்துக்குப் போகிற புத்தகமென்றால் தைத்துக் கட்டச் சொல்லிக் கேளுங்கள். கூடுதல் செலவுதான், ஆனால் அது வாசகருக்குச் செய்யும் மரியாதை.

செலவு என்றதும் நினைவுக்கு வருவது உ.வே.சாமிநாதையர். கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே, விடுமுறைகளில் சென்னைக்கு வந்து புரூஃப் பார்த்து, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். கையில் பணமில்லை. வெளிவரப்போகும் நூலை வாங்கிக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கினார். இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை அவர் அன்றைக்கே நடந்து நடந்து செய்தார். பாரதிக்கு அது கைகூடவில்லை. 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய மூன்று பாடல்களைப் பதினைந்தாயிரம் படி அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். அரசியலில் எதிர் அணியில் இருந்தவர் செய்த உதவி அது. 1920இல் பாரதி தம் எழுத்துகளை நாற்பது நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பத்தாயிரம் படி போடத் திட்டம் வகுத்தார். நூறு நூறு ரூபாயாகக் கடன் கேட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். பணம் சேரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் போய்விட்டார். அந்தத் திட்டத்தை யார் அற்பமாகப் பேசினாலும் எனக்குக் கோபம் வரும். அவர் கணக்குத் தப்பில்லை. அவர் பாட்டு அதைவிடப் பல மடங்கு விற்றது, அவர் பார்க்கத்தான் இல்லை. உரிமை பல கை மாறி, கடைசியில் 1949இல் அரசு வாங்கித்தான் அது பொதுச் சொத்தாயிற்று.

பாரதிக்கு நேர்ந்ததை நினைத்துக்கொண்டுதான் நான் ஒப்பந்தங்களைப் படிக்கிறேன். நான் பள்ளி ஆசிரியனாகி ஓய்வும் பெற்ற பிறகு, ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். கம்பெனி பேருந்தில் போகும்போதும் வரும்போதும் செல்போனிலேயே தட்டச்சு செய்த சிறுகதைகள். தையல் மிஷின் சத்தத்தில் இரண்டு பெண்கள் உதட்டசைவை வைத்தே பேசிக்கொள்ளும் கதை ஒன்று அதில் இருந்தது. பேரணாம்பட்டு அழகிய பெரியவனின் ‘தகப்பன் கொடி’யைப் படித்த பிறகு, நம் பக்கத்து வாழ்க்கையை இவ்வளவு கிட்டத்தில் நின்று எழுதியதை நான் பார்த்தது அப்போதுதான்.

“ஐயா, ஒரு பதிப்பகத்துல போடறேன்னு சொல்லிட்டாங்க. கையெழுத்துப் போடலாமான்னு பாருங்க” என்று காகிதத்தை நீட்டினாள். எந்தப் பதிப்பகம் என்பது இங்கே வேண்டாம். அச்சுச் செலவு முழுக்க அவள் தர வேண்டும். நூலின் எல்லா உரிமையும், எல்லா மொழியிலும் எல்லா வடிவத்திலும் என்றென்றைக்கும் பதிப்பகத்துக்கு. அவளுக்கு ஐம்பது படி.

“பணத்தையும் நீயே கொடுத்து, உரிமையையும் நீயே கொடுக்கிறதா?” என்றேன்.

“எல்லாரும் இப்டித்தான் போடறாங்கன்னு சொன்னாங்க ஐயா.”

அவளுக்கு எங்கள் நைனாவின் துண்டு வியாபாரத்தைச் சொன்னேன். ஆட்டுக்கு விரல் போதும், எழுத்துக்குப் போதாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 19ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகும். வாய் மூடியிருந்தால் சட்டமே எழுத்தாளருக்குச் சாதகமாக நிற்கிறது. ‘என்றென்றைக்கும்’ என்ற ஒரு சொல்லுக்குக் கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பாதுகாப்பு போகிறது. எழுத்தாளர் ஆயுள் முழுதும், இறந்து அறுபது ஆண்டு வரையும் உரிமை நிற்கும் என்பதையும் சொன்னேன். 1974இல் மறைந்த மு.வ.வின் எழுத்துக்குச் சட்டக் கணக்கில் 2034 முடிய ஆயுள். இருபத்தாறு வயதுப் பெண் எதை எழுதிக் கொடுக்கப் போகிறாள் என்று அவளே கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

தமிழ் அச்சு உரிமை மட்டும், மூன்று ஆண்டுக்கு, விலையில் பத்து விழுக்காடு ராயல்டி, மொழிபெயர்ப்பும் மின்நூலும் திரைப்படமும் ஆசிரியருக்கே என்று திருத்தி அனுப்பினோம். மறுநாளே தொலைபேசியில் மறுத்துவிட்டார்கள். அவள் அழவில்லை. “அப்ப மு.வ. மாதிரி நானே போடறேன்” என்றாள்.

அடுத்த சில மாதங்கள் எனக்கு மிகவும் பிடித்த மாதங்கள். முதலில் எடிட்டிங். புரூஃப் பார்ப்பது வேறு, எடிட் செய்வது வேறு என்பதைத் தமிழ்ப் பதிப்புலகம் அழுத்தமாகக் கண்டது 1974இல் தொடங்கிய க்ரியாவில். அதை நடத்திய ராமகிருஷ்ணன் ஒரு கைப்பிரதியை வரி வரியாக எழுத்தாளரோடு உட்கார்ந்து பேசித் தீர்த்தவர். ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ அந்த அக்கறையின் நீட்சிதான். அவர் அளவுக்கு எனக்குத் திராணி இல்லை. ஆனால் ஒவ்வொரு கதையையும் அவளை உரக்கப் படிக்க வைத்தேன், அச்சகத்தில் நான் படித்ததுபோல. நாக்கு எங்கே தட்டியதோ அங்கெல்லாம் அவளே பென்சிலால் கோடு போட்டாள். கம்பெனிப் பெண்கள் பேசுகிற பேச்சை ‘சரியான’ தமிழாக்க நான் விடவில்லை. ஒற்றுப்பிழை மட்டும் என் பொறுப்பு.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு ஒருவர் ஆயிரக்கணக்கில் கேட்டாராம். இந்தியாவில் அது இலவசம். டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய நிறுவனம், இணையத்தில் விண்ணப்பித்தால் எழுத்தாளருக்கே கொடுக்கிறது. 2007 முதல் பதின்மூன்று இலக்கம், நம் நாட்டு எண்கள் 978-81 என்றோ 978-93 என்றோ தொடங்கும். எண் புத்தகத்தின் தரத்துக்கு யாரும் கொடுக்கும் சான்று அல்ல, கடைக்காரரும் நூலகரும் இந்தப் பதிப்பை அடையாளம் காண ஓர் எண், அவ்வளவே. புத்தகம் வந்ததும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு படி, சென்னை கன்னிமாராவுக்கும் மும்பைக்கும் டெல்லிக்கும் ஒவ்வொரு படி தன் செலவில் அனுப்ப வேண்டும். தனியாக வெளியிடுகிற பலர் இதைச் செய்வதில்லை. செய்யுங்கள். ஒடுகத்தூரில் எழுதிய கதை கன்னிமாரா அலமாரியில் இருப்பதற்கு ஒரு தபால் செலவு பெரிதல்ல.

விற்பனைதான் கடினம். கடைக்குக் கழிவு, விலையில் மூன்றிலொரு பங்குக்கு மேலேகூடப் போகும். அதனால் அடக்கவிலையைப் பார்த்து விலை வைக்க வேண்டும், கூச்சத்தைப் பார்த்து அல்ல. நூலக ஆணை வரும் என்று நம்பிக் கடன் வாங்கி ஆயிரம் படி போட்டவர்கள் வீட்டில் கட்டிலுக்கடியில் புத்தகக் கட்டுகளைப் பார்த்திருக்கிறேன். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் அதுதான் முதலாவது, அந்தப் பணம்தான் தமிழ்ப் பதிப்பாளர்களை இத்தனை காலம் தூக்கி நிறுத்தியது. விண்ணப்பம் கோரும்போது கட்டாயம் அனுப்ப வேண்டும். ஆனால் அதை நம்பி அச்சடிக்கக் கூடாது. அவள் முந்நூறு படி போட்டாள். தன் தையல் வரிசைப் பெண்களிடம் சம்பள நாளன்று விற்றாள், வேலூர் புத்தகக் கண்காட்சியில் தெரிந்த ஒரு கடையில் வைத்தாள், ‘விற்பனை உரிமை’ என்று அந்தக் கடையின் பெயரையே பின்பக்கத்தில் போட்டாள். உரிமை: ஆசிரியருக்கு.

படிகள் தீர்ந்துவிட்டன. இரண்டாம் பதிப்புக்குப் புரூஃப் வந்திருக்கிறது, எட்டு ஃபாரம். மூன்றாவது ஃபாரத்தில் ‘தையற் கூடம்’ என்று ஒருவர் திருத்தியிருப்பதை மறுபடி ‘ஸ்டிச்சிங்’ என்று மாற்றச் சொல்லி அவள் எழுதியிருக்கிறாள். நானும் அதே இடத்தில் பென்சில் வைத்திருந்தேன்.